நாடித் துடிப்பும் நம் கடமையும்

தவக்காலத்து வெள்ளிக்கிழமையொன்றின் மாலை. ஆலயத்தில் சிலுவைப்பாதை நடந்துகொண்டிருந்தது. மெழுகுதிரித் தண்டை ஏந்தி என் அருகில் நின்ற எங்கள் பங்கின் முதிய உபதேசியார், யாதொரு முன்னறிவிப்புமின்றித் தரையில் சாய்ந்தார். முகம் பிணம்போல் வெளிறிவிட்டது. அரை நிமிடம்கூட இராது, கண் விழித்தார். வெளிறிய முகம் சட்டெனச் சிவந்தது. "ஒன்றுமில்லை சுவாமி, ஒருசந்திக் களைப்பு" என்று கூறி எழுந்து நின்றார்.

நானும் அதை நம்பினேன். அறுபதாம் வயது தொடங்கியவர்களைத் திருச்சபை ஒருசந்திக் கடமையினின்று விடுவித்திருக்க, எழுபது கடந்த நீர் இவ்வாறு வருந்தலாமா என்று அன்போடு கடிந்துகொண்டேன். அதற்கு இரண்டு மாதங்களுக்கு முன் நிலக்கடலைக் காட்டில் அவர் ஒருமுறை விழுந்தாரென்பதும், பித்த மயக்கமென்று கருதி வீட்டார் எலுமிச்சம்பழச் சாறு கொடுத்தார்கள் என்பதும் பின்னர்தான் எனக்குத் தெரிந்தன.

மூன்றாம் முறை பாஸ்காத் திருநாளுக்குப் பின் வீட்டு முற்றத்தில் விழுந்தார். கிணற்று மேடைக்கும் அவர் விழுந்த இடத்திற்கும் நான்கு முழமே இடைவெளி. வீட்டார் கூக்குரலிட்டு அழுதபோது, பத்தாம் வகுப்பு மாணவியான பேத்தி மட்டும் அருகில் அமர்ந்து தாத்தாவின் மணிக்கட்டைப் பிடித்தாள். பள்ளியின் இளஞ்செஞ்சிலுவைச் சங்கத்தில் கற்றுக்கொண்ட முறைப்படி, சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தபடி ஒரு நிமிடம் முழுவதும் எண்ணினாள். 32. நாட்காட்டியில் ஒரு தாளைக் கிழித்து, மணியையும் அந்த எண்ணையும் எழுதினாள்.

ஆரம்ப சுகாதார நிலையத்தை அடையுமுன் முதியவர் தெளிந்துவிட்டார். அங்கே நாடி அறுபதுக்கு மேல் இருந்தது. இ.சி.ஜி. படத்திலும் பெரிய குறை ஏதும் காணவில்லை. ஆயினும் மருத்துவர் அந்த நாட்காட்டித் தாளை இரண்டு முறை படித்துவிட்டு, 108 வண்டியில் ஏற்றிச் சேலத்திற்கு அனுப்பினார். அன்றிரவு அங்கே இடைவிடாது துடிப்பைக் காட்டும் கருவியில் அவருடைய நோய் வெளிப்பட்டது. இதயத்தின் மேலறையிலிருந்து கீழறைக்குச் செல்ல வேண்டிய மின்தூண்டல் அவ்வப்போது அடியோடு தடைபட்டு நின்றுபோயிற்று. சில நாட்களில் பேஸ்மேக்கர் கருவி பொருத்தப்பட்டது.

"அந்தத் தாள் இல்லாதிருந்தால் மாத்திரை கொடுத்து வீட்டிற்கே அனுப்பியிருப்பேன், சுவாமி" என்று அந்த மருத்துவர் பின்னர் என்னிடம் கூறினார். உபதேசியார் என் கண் முன்னே விழுந்தபோது நான் காரணம் கற்பித்தேன்; அச்சிறுமியோ கையைப் பிடித்து எண்ணினாள். இக்கட்டுரையை எழுதத் தூண்டியது அந்த வேறுபாடுதான்.

இதயத்தின் மணியோசை

நமது இதயம் ஒரு நாளில் ஏறத்தாழ ஒரு இலட்சம் முறை துடிக்கிறது. இத்துடிப்பைத் தொடங்கி வைப்பவர் யார்? ஆலய மணியை எண்ணிப் பாருங்கள். மணியடிப்பவர் கீழே நின்று கயிற்றை இழுக்கிறார், கயிறு கப்பியின் வழியாக மேலே செல்கிறது, மணி ஒலிக்கிறது. இதயத்தின் வலது மேலறையில் சிறு முடிச்சுப் போன்ற திசு ஒன்று உண்டு. அதுவே மணியடிப்பவர். ஓய்வாக இருக்கையில் நிமிடத்திற்கு 60 முதல் 100 முறை அது மின்தூண்டலை எழுப்புகிறது. மேலறைகளுக்கும் கீழறைகளுக்கும் இடையே இரண்டாவது முடிச்சு ஒன்று கப்பிபோல் அமைந்து, அத்தூண்டலைக் கீழறைகளுக்கு அனுப்புகிறது. இரண்டாவது முடிச்சை ஜப்பானியரான சுனாவோ தவாரா 1906-இலும், முதல் முடிச்சைப் பிரித்தானியர்களான கீத், ஃபிளாக் ஆகியோர் 1907-இலும் விளக்கினார்கள். இவற்றின் மின்னோட்டத்தைத் தாளில் வரைந்து காட்டும் கருவியை உருவாக்கிய வில்லெம் ஐந்தோவன் 1924-இல் நோபல் பரிசு பெற்றார்.

மணியடிப்பவர் தளர்ந்தாலும், கயிறு இடையில் அறுந்தாலும் மணி மெதுவாகும். சில வேளைகளில் நின்றுவிடும். சில விநாடிகள் மூளைக்கு இரத்தம் செல்லாவிடில் மனிதன் சாய்ந்துவிடுகிறான். இன்னொரு வகையில், கட்டுக்கடங்காத வேகத்தில் மணி அடிபடும். படபடப்பும் மூச்சுத் திணறலும் தோன்றும். மூன்றாவது வகையில், மேலறைகள் ஒழுங்காகச் சுருங்காமல் நடுங்கிக்கொண்டேயிருக்கும். நாடி முன்பின்னாக, கணக்கின்றி ஓடும். மூன்றிலுமே, மருத்துவர் பார்க்கும் அந்தச் சில நிமிடங்களில் குறை மறைந்திருக்கலாம். நோய் வந்துபோகும் வேளையில் அருகில் இருப்பவர்கள் வீட்டார்தாம். ஆகவே இந்நோயில் பராமரிப்பு மருத்துவமனையில் அன்று, நம் வீட்டுத் திண்ணையிலேயே தொடங்குகிறது.

ஒரு குருவும் ஒரு புனிதரும்

மயங்கி விழுவதற்கும் நாடி மெதுவாவதற்கும் உள்ள தொடர்பை மருத்துவ உலகம் அறிந்துகொண்ட வரலாற்றில் ஒரு குருவானவருக்கு இடமுண்டு. இத்தாலி நாட்டுப் பதுவை நகரின் பேராசிரியர் மொர்காஞ்ஞி 1761-இல் வெளியிட்ட பெருநூலில், 68-ஆம் வயதில் வலிப்புப் போன்ற நோயால் தாக்குண்டு நாடி மிகமிக மெதுவாகிப்போன ஒரு குருவின் வரலாற்றை எழுதியுள்ளார். பின்னர் டப்ளின் நகர மருத்துவர்களான ராபர்ட் ஆடம்ஸ் 1827-இலும், வில்லியம் ஸ்டோக்ஸ் 1846-இலும் இத்தகைய நோயாளரைப் பற்றி எழுதினார்கள். இவ்வகை மயக்கம் இன்றும் அவ்விருவர் பெயராலேயே வழங்குகிறது. இதை வலிப்பென்றும், பித்தமென்றும், காற்றுக் கருப்பென்றும் கருதி மந்திரிக்க அழைத்துச் செல்வோர் நம் கிராமங்களில் இன்னும் உளர். கைகால் இழுப்பதைக் கண்டு கையில் இரும்புச் சாவியைத் திணிப்போரும் உண்டு. குறை கூற வரவில்லை; ஒருசந்தியின்மேல் பழி போட்ட நானும் அவர்களில் ஒருவனே.

நோயாளருக்கும் செவிலியருக்கும் பாதுகாவலராகத் திருச்சபை வணங்கும் புனித கமில்லுஸ் தெ லெல்லிஸ் (1550–1614) மருத்துவமனைகளில் ஒரு கொடுமையைக் கண்டார். உயிர் பிரிந்துவிட்டதாக எண்ணிச் சிலரை உயிரோடேயே அடக்கத்திற்கு அனுப்பிவிட்டார்கள். எனவே தம் சபையினருக்கு அவர் ஒரு கட்டளையிட்டார்: மூச்சு நின்றதாகத் தோன்றிய பின்னும் கால் மணி நேரமாவது அருகிலிருந்து செபிக்க வேண்டும், அவசரப்பட்டு முகத்தை மூடலாகாது. அக்காலத்தில் இ.சி.ஜி. இல்லை, கருவி இல்லை. இருந்தும், நோயாளியை விட்டு அகலாமல் உற்று நோக்கும் கண் எத்தனை பெரிய மருந்து என்பதை அப்புனிதர் அறிந்திருந்தார்.

ஒரு மனைவியின் பிடிவாதம்

சுவீடன் நாட்டில் ஆர்னே லார்சன் என்பவருக்கு உபதேசியாருக்கு வந்த அதே நோய், ஆனால் பன்மடங்கு கடுமையாக வந்தது. நாளொன்றுக்கு இருபது முப்பது முறை நினைவிழந்தார். உடலுக்குள்ளே வைக்கும் இதய முடுக்கி அப்போது மனிதர் எவருக்கும் பொருத்தப்படவில்லை. அவருடைய மனைவி எல்சே மரி, பொறியாளர் ரூனே எல்ம்குவிஸ்ட் என்பவரையும் அறுவை மருத்துவர் ஓகே சென்னிங் என்பவரையும் தேடிச் சென்று மன்றாடினார். இன்னும் ஆயத்தமில்லை என்று அவர்கள் கூறியும் விடவில்லை. காலணிப் பாலிஷ் டப்பாவை அச்சாகக் கொண்டு வார்க்கப்பட்ட சிறு கருவி, 1958 அக்டோபர் 8-ஆம் நாள் ஸ்டாக்ஹோம் கரோலின்ஸ்கா மருத்துவமனையில் லார்சனுக்குப் பொருத்தப்பட்டது. முதற்கருவி சில மணி நேரமே உழைத்தது. உடனே இரண்டாவது வைக்கப்பட்டது. அதன்பின் வாழ்நாளில் இருபதுக்கும் மேற்பட்ட கருவிகளை மாற்றிக்கொண்டு, தம்மைக் காத்த பொறியாளரும் மருத்துவரும் மறைந்த பின்னும் வாழ்ந்து, 2001-இல் தம் 86-ஆம் வயதில் லார்சன் காலமானார். அவர் உயிரைப் பறித்தது இதய நோயன்று.

கருவி வைத்தவர் அரைமனிதர் என்று எண்ணி அஞ்சுவோர்க்கு ஒன்று கூறுவேன். திருத்தந்தை பதினாறாம் ஆசீர்வாதப்பர் கர்தினாலாக இருந்த காலம் முதலே பேஸ்மேக்கருடன் வாழ்ந்தவர் என்பதை வத்திக்கான் 2013-இல் அறிவித்தது. திருச்சபையை வழிநடத்த அது அவருக்குத் தடையாக இருக்கவில்லை.

மருத்துவமனைகளில் இப்பணியை உயர்த்தியவர்கள் செவிலியரே. 1960-களில் அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில், மருத்துவர் மெல்ட்சரும் செவிலியர் ரோஸ் பின்னியோவும் இதய நோயாளர்க்கெனத் தனிப் பிரிவை நடத்தினார்கள். துடிப்பு தவறும் கணத்தில் மருத்துவர் வந்து சேரக் காத்திருக்க நேரமில்லை, ஆகவே இ.சி.ஜி.யைப் படித்தறியவும், தாமே உடனடிச் சிகிச்சை தொடங்கவும் செவிலியருக்கு அங்கே பயிற்சி தரப்பட்டது. நமது வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் 1946-இலேயே செவிலியப் பட்டப்படிப்பு தொடங்கப்பட்டுவிட்டது. அதன் பயனாக, கூர்ந்து நோக்கும் கண்ணுடைய செவிலியர் பலர் நம் நாட்டிற்குக் கிடைத்தனர். அக்கண்ணில் ஒரு பகுதியேனும் ஒவ்வொரு குடும்பத்திலும் திறந்திருக்க வேண்டும்.

வீட்டில் செய்யத்தக்கவை

நாடி பார்த்தல் கடினமன்று. நோயாளி ஐந்து நிமிடம் அமர்ந்து இளைப்பாறட்டும். அவருடைய பெருவிரலின் அடியில், மணிக்கட்டின் வெளிப்புறத்தில் உமது சுட்டுவிரலையும் நடுவிரலையும் மெல்ல வையும். உமது பெருவிரலை வைக்கலாகாது; அதிலுள்ள துடிப்பு உம்மை ஏமாற்றும். கால் நிமிடம் எண்ணி நான்கால் பெருக்கும் வழக்கம் இந்நோய்க்கு உதவாது; முழு நிமிடம் எண்ணுக. எண்ணிக்கையோடு, துடிப்பு சீராக இருந்ததா, இடையில் விட்டுவிட்டு வந்ததா என்பதையும், நாள், மணி, அப்போது நோயாளி செய்துகொண்டிருந்த வேலை ஆகியவற்றையும் குறித்து வைக்கவும். உழைப்பாளிகளுக்கு அறுபதுக்குக் கீழே இருப்பதும் இயல்பாகலாம். ஆனால் தலைசுற்றலோடு ஐம்பதுக்குக் குறைந்தாலும், ஓய்விலிருக்கையில் நூற்றிருபதுக்கு மேல் ஓடினாலும் தாமதியாமல் மருத்துவரிடம் செல்க.

ஒருவர் மயங்கி விழுந்தால் தூக்கி உட்கார வைக்காதீர்கள். மல்லாத்திப் படுக்கவைத்துக் கால்களை உயர்த்துங்கள். வாயில் தண்ணீரோ சோடாவோ ஊற்றாதீர்கள். அது மூச்சுக்குழலில் இறங்கிவிடும். அழைத்தும் பேசாமல், மூச்சும் இயல்பாக இல்லாவிடில், ஒருவர் 108-ஐ அழைக்க, மற்றொருவர் நெஞ்சின் நடுவில் இரு கைகளையும் வைத்து, நிமிடத்திற்கு 100 முதல் 120 முறை, சுமார் 5 சென்டிமீட்டர் ஆழத்திற்கு விடாமல் அழுத்த வேண்டும். 2008 முதல் நம் மாநிலத்தில் ஓடும் 108 வண்டி வரும்வரை இதை நிறுத்தலாகாது. ஒரு முறை மயங்கித் தெளிந்தவரையும் அன்றே மருத்துவரிடம் காட்டுக. காரணம் தெரியும்வரை அவர் தனியே கிணற்றடிக்குச் செல்வதும், தென்னை, பனை ஏறுவதும், வண்டி ஓட்டுவதும் ஆகாது. நாமக்கல், சங்ககிரி, திருச்செங்கோடு வட்டாரங்களில் லாரியும் ரிக் வண்டியுமே பல குடும்பங்களின் பிழைப்பு. இக்கட்டளை கசக்கும் என்பதை அறிவேன். ஆயினும் சாலையில் மயங்கும் ஓட்டுநரின் கையில் அவர் உயிர் மட்டும் இல்லையே!

மருந்துகளில் கண்டிப்பு வேண்டும். துடிப்பைக் குறைக்கும் மருந்து உண்பவர், மாத்திரைக்கு முன் நாடியை எண்ணுவது நலம். டிகாக்ஸின் உண்பவருக்கு நாடி அறுபதுக்குக் குறைந்தாலோ, குமட்டலும் பசியின்மையும் பார்வையில் மஞ்சள் நிறமும் தோன்றினாலோ, வயிற்றுப்போக்கு கண்டாலோ மருத்துவரைக் கேளாமல் அடுத்த மாத்திரையைக் கொடுக்க வேண்டாம்.

எங்கள் பக்கத்து விசைத்தறித் தொழிலாளி ஒருவரின் துயரம் என் நெஞ்சைவிட்டு அகலவில்லை. சிறுவயதில் தொண்டைப்புண்ணைத் தொடர்ந்து வந்த ருமாட்டிக் காய்ச்சல் அவருடைய இதய வால்வைச் சுருக்கிவிட்டிருந்தது. அதனால் மேலறைகள் நடுங்கின. நடுங்கும் அறையில் இரத்தம் தேங்கி உறையும். அக்கட்டி மூளைக்குச் சென்றால் பக்கவாதம். அதைத் தடுக்க, இரத்தம் உறையாமைக்கான மாத்திரை கொடுத்திருந்தார்கள். உடம்பு தேறிவிட்டதென்று எண்ணிப் பரிசோதனைக்குச் செல்வதையும், பின்னர் மாத்திரையையும் நிறுத்தினார். மூன்றாம் மாதம் வலது கையும் பேச்சும் போயின. நோயில்பூசுதல் கொடுக்கச் சென்றபோது, தம் மனைவியின் பெயரைச் சொல்ல அவர் பட்ட பாட்டைக் கண்டேன்.

ஆகவே இத்தகைய மாத்திரை உண்பவர் வீட்டில் ஒருவர் அதற்குப் பொறுப்பேற்கட்டும். நாள்தோறும் ஒரே வேளை. குறித்த நாளில் இரத்தப் பரிசோதனை. வார்ஃபரின் வகை உண்போர் கீரையை ஒதுக்க வேண்டியதில்லை. ஒரு வாரம் குவித்தும் மறு வாரம் விடுத்தும் உண்ணாமல் ஒரே அளவாக உண்டால் போதும். வலி மாத்திரையும் நாட்டு மருந்தும் தாமாக உட்கொள்ளலாகாது. ஈறில் இரத்தம், கருத்த மலம், தலையில் அடி ஆகியவற்றைச் சிறியவையென எண்ணாதீர்கள். கருவுற்ற பெண் உடனே மருத்துவரிடம் சொல்ல வேண்டும். வாய் கோணுதல், கை தளர்தல், நாக்குழறல் கண்டால் அந்தக் கணமே புறப்படுக. ருமாட்டிக் காய்ச்சல் வந்த பிள்ளைகளுக்கு, மருத்துவர் குறித்த மூன்று வார, நான்கு வாரப் பென்சிலின் ஊசியைத் திருவிழாவென்றோ தேர்வென்றோ தவறவிடாதீர்கள்.

கருவி பொருத்திய பின்

உபதேசியாரின் மருமகள் அன்பு மிகுதியால் அவர் இடது கையை அசைக்கவே விடவில்லை. ஆறு வாரம் கழித்துத் தோள் இறுகிப்போயிற்று. முதல் நான்கு முதல் ஆறு வாரங்கள் கருவி வைத்த பக்கத்துக் கையைத் தோளுக்கு மேல் உயர்த்தலாகாது, குடம் தூக்கலாகாது என்பதே விதி. முழங்கையையும் மணிக்கட்டையும் அசைக்கலாம். தோளையும் மெல்ல அசைத்தல் வேண்டும். புண் சிவந்தாலோ, வீங்கினாலோ, நீர் வடிந்தாலோ, காய்ச்சல் வந்தாலோ காத்திராமல் காட்டுக.

கைப்பேசியைச் சட்டைப்பையில் வைக்காமல், கருவியினின்று 15 சென்டிமீட்டராவது தள்ளி, மறுபக்கக் காதில் வைத்துப் பேசுக. இண்டக்‌ஷன் அடுப்பினருகே குனிய வேண்டாம். நாமக்கல் லாரிக் கூண்டு கட்டும் பட்டறைகளில் வெல்டிங் செய்வோர், மருத்துவரிடம் தம் தொழிலை மறைக்காமல் கூறிய பின்னரே பட்டறைக்குத் திரும்புக. கருவியின் அடையாள அட்டையை எப்போதும் உடன் வைத்து, ஸ்கேன் எடுக்கும் இடத்தில் முதலில் காட்டுக. பேட்டரி பொதுவாக எட்டு முதல் பன்னிரண்டு ஆண்டுகள் உழைக்கும்; குறித்த காலத்தில் சோதித்தல் அவசியம். நம் அயலார் தகனம் செய்பவராயின், உடலைத் தகனத்திற்கு எடுக்குமுன் கருவியை அகற்றச் சொல்லுங்கள். நெருப்பில் அது வெடிக்கும்.

செலவை நினைத்துக் கலங்குவோர் முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தைப் பற்றி அரசு மருத்துவமனையில் கேளுங்கள். சேலத்தைப் போலவே, 2022 முதல் நாமக்கல்லிலும் அரசு மருத்துவக் கல்லூரி இயங்குகிறது. நோயாளியின் அச்சத்திற்கும் மருந்து வேண்டும். உறங்கினால் நின்றுவிடுமோ என்று இரவெல்லாம் விழித்திருப்போர் உளர். அவர்களிடம், "தைரியமாயிரும்" என்று சொல்லிவிட்டுப் போய்விடாமல், சிறிது நேரம் அருகில் அமருங்கள். நற்கருணை வேண்டுமா என்று கேட்டு எனக்குச் சொல்லியனுப்புங்கள்.

ஜெத்சமனித் தோட்டத்தில் நம் ஆண்டவர் தம் சீடர்களிடம் வேண்டியது ஒரு மணி நேர விழிப்பையே, அவர்கள் உறங்கிவிட்டார்கள். நானும் அன்று சிலுவைப்பாதையில் ஒருவகையில் உறங்கியவனே. இப்போது எங்கள் பங்கில், அன்பியக் கூட்டத்தில் செபமாலை முடிந்ததும் பத்து நிமிடம் நாடி பார்க்கப் பழகுகிறோம். கற்பிப்பவள் அதே பேத்தி. கற்போர் வரிசையில், மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு அவளுடைய பங்குக்குருவும் அமர்ந்திருக்கிறார்.

அன்புக் குடும்பங்களே, இன்றிரவு குடும்ப செபம் முடிந்ததும் உங்கள் வீட்டுப் பெரியவரின் கையைப் பிடித்து ஒரு நிமிடம் எண்ணிப் பாருங்கள். எண்ணை நாட்காட்டியில் குறித்து வையுங்கள். அண்மையில் எப்போதாவது மயங்கினீர்களா என்றும் கேளுங்கள். கேட்டாலொழிய அவர்கள் சொல்லமாட்டார்கள். நோயாளரின் ஆரோக்கியமான தேவ அன்னை உங்கள் இல்லங்களைக் காப்பாராக.